கணவரின் கடனும் மனைவியின் கையெழுத்தும்

கணவர் மீது பண டிகிரி ஆகி, ஜப்தி உத்தரவோடு அமீனா வாசலில் நிற்கும்போது, வீட்டிலுள்ள அத்தனையும் போய்விடும் என்றே குடும்பம் கலங்குகிறது. சட்டம் அப்படிச் சொல்லவில்லை. தாலி கட்டிக்கொண்டதாலேயே கணவரின் கடன் மனைவியின் கடனாகிவிடாது.

இந்து வாரிசுரிமைச் சட்டம் 1956, 14-வது பிரிவு பெண்ணைத் தன் சொத்தின் முழு உரிமையாளர் ஆக்கியது. சீதனத்தில் கணவருக்குக் கூட்டுரிமை இல்லை என்று 1985-இல் பிரதிபா ராணி வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மத வழக்கப்படி பெண் கழற்றக் கூடாத அணிகலனை ஜப்தி செய்ய முடியாது என்கிறது உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 60-வது பிரிவு. கணவர் இறந்துவிட்டாலும், அவர் விட்டுச்சென்ற சொத்தின் அளவுக்குத்தான் கடன்காரர் கேட்க முடியும்.

ஆயுள் காப்பீட்டுக்கும் அரண் உண்டு. கணவர் தன் பெயரில் எடுக்கும் பாலிசியிலேயே மனைவி, மக்களின் நலனுக்கானது என்று எழுதிவிட்டால், 1874-ஆம் ஆண்டின் திருமணமான பெண்கள் சொத்துச் சட்டப்படி அந்தத் தொகை கடன்காரர் கைக்கு எட்டாது. சென்னை மாகாண இந்துக்களுக்கு இது 1913-இன் இறுதியிலேயே கிடைத்தது. மற்ற பகுதிகள் 1923 வரை காத்திருந்தன. கடன்காரரை ஏமாற்றவே பாலிசி எடுத்திருந்தால், பாலிசித் தொகையிலிருந்தே அவர் தன் கடனைக் கோரலாம்.

இத்தனை இருந்தும் சொத்து கைநழுவுவது ஏன்? கடன் முற்றிய பிறகு அவசரமாக மனைவி பெயருக்கு எழுதும் செட்டில்மென்ட் ஒரு காரணம். கடன்காரரை ஏய்க்கும் அத்தகைய மாற்றத்தை, சொத்து மாற்றுச் சட்டத்தின் 53-வது பிரிவின்கீழ் அவர் ரத்து செய்யக் கோரலாம். ஆதாரமின்மை இன்னொன்று. தவறாக ஜப்தியான சொத்தை மீட்க உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 21-வது கட்டளை 58-வது விதியின்கீழ் மனைவி ஆட்சேப மனு போடலாம். ஏலம் முடிவதற்குள் போட வேண்டும். சொத்தை வாங்கிய பணம் யாருடையது என்பதற்கு ரசீதும் வங்கிக் கணக்கும் இல்லையென்றால் மனு நிற்காது.

எல்லாவற்றையும்விட ஆபத்தானது ஜாமீன் கையெழுத்து. ஒப்பந்தச் சட்டத்தின் 128-வது பிரிவுப்படி, ஒப்பந்தம் வேறுவிதமாகச் சொல்லாதவரை ஜாமீன்தாரரின் பொறுப்பு கடனாளியின் பொறுப்புக்குச் சமம். கணவரின் தொழில் கடனுக்கு வங்கியில் "இங்கே ஒரு கையெழுத்து" என்று கேட்கும் இடத்தில், மேலே சொன்ன பாதுகாப்பில் பெரும்பகுதியை மனைவி தானே விட்டுக்கொடுத்துவிடுகிறார்.

இங்கிலாந்தில் பிரபுக்கள் சபை 2001-இல் எட்ரிட்ஜ் வழக்கில் இதற்கு வழி சொன்னது. கணவரின் கடனுக்கு மனைவி பொறுப்பேற்கும்போது, வழக்கறிஞர் ஒருவர் அவருக்கு விளைவுகளை விளக்கிவிட்டார் என்ற உறுதிமொழியை வங்கி பெற வேண்டும். ரிசர்வ் வங்கி இதே கட்டாயத்தை இங்கும் கொண்டுவர வேண்டும். கணவர் உடனில்லாமல், மனைவிக்குத் தெரிந்த மொழியில் அந்த விளக்கம் நடக்க வேண்டும். அதற்குப் பிறகும் அவர் கையெழுத்திட்டால், அது அவருடைய முடிவு.