சுரீர் என்றால் குணமா?



பீர்க்கன்கரணையில் எங்கள் வீட்டில் மாலையானால் மிளகாய்ச் சத்துக் களிம்பின் வாடை வந்துவிடும். அம்மாவுக்கு முழங்கால் வலி. தடவிய சற்று நேரத்தில், "சூடு உள்ளே இறங்குதுப்பா" என்பார். பௌதிகம் நடத்துகிறவன் சும்மா இருப்பேனா? இரண்டு வெப்பமானிகளில் ஒன்றின் குமிழில் மட்டும் களிம்பைத் தடவி, அருகருகே வைத்தேன். இரண்டும் ஒரே அளவைக் காட்டின.

அம்மா சொன்னது பொய்யா? இல்லை. தோலிலுள்ள நரம்பு நுனிகளில், சுமார் 43 டிகிரி செல்சியசில் திறக்கும் நுண்ணிய வாயில்கள் உண்டு. அவை திறந்தால் 'சுடுகிறது' என்ற செய்தி மூளைக்குப் போகும். மிளகாயிலுள்ள காப்சைசின் என்ற பொருள் சாதாரண உடல் வெப்பத்திலேயே அவற்றைத் திறந்துவிடுகிறது. சூடு இல்லை, சூட்டின் செய்தி மட்டும் போகிறது! 1997-ல் இந்த வாயிலை அடையாளம் கண்ட குழுவின் தலைவர் டேவிட் ஜூலியஸ், 2021-ல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். தொடர்ந்து தடவிவந்தால் நரம்பு நுனிகள் மந்தமாகி, வலிச் செய்தியையும் குறைவாகவே அனுப்புகின்றன. (இதைப் படித்துவிட்டு மிளகாய்த்தூளைக் குழைத்துப் பூசாதீர்கள். தோல் வெந்ததுபோல் ஆகிவிடும்.)

ஆனால், "சுரீர் என்கிறது, ஆகவே குணமாக்குகிறது" என்பதை நான் ஏற்கமாட்டேன். தேய்த்துவிடும் கையும் வலியைக் குறைக்கும், நம்பிக்கையும் குறைக்கும். இவற்றைக் கழித்தால் மருந்தின் பங்கு எவ்வளவு?

அம்மாவிடம் ஒரு யோசனை சொன்னேன். ஒரே மாதிரி இரண்டு டப்பாக்கள்; ஒன்றில் மருந்து, மற்றதில் வெறும் களிம்பு. எது எது என்று என் மகளுக்கு மட்டுமே தெரியும். அம்மா சிரித்தார். "எரியலைன்னா எனக்குத் தெரியாதா?"

அக்கி வந்துபோனபின் நிற்கும் நரம்பு வலிக்கு 8 சதவீதக் காப்சைசின் பட்டையைச் சோதித்தவர்களுக்கும் இதே சங்கடம்தான். அதனால் எதிரணிக்கு வெறும் பட்டை தராமல், 0.04 சதவீதப் பட்டையை ஒட்டினார்கள். அதுவும் கொஞ்சம் எரியும் அல்லவா? அப்படியும் 8 சதவீதமே முந்தியது. இப்படி வென்ற மருந்தை நான் மதிக்கிறேன்.

நொச்சித் தைலத்துக்கும் முடக்கற்றான் தைலத்துக்கும் இதே சோதனையைக் கேட்டால், பாட்டி வைத்தியத்துக்கு அவமரியாதை என்று சிலர் கோபிக்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பெருங்களத்தூரில் ரயில் ஏறினால் இரண்டாவது நிலையமான தாம்பரம் சானடோரியத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் இருக்கிறது. மூலிகைக்கென்று நிறுவனம் வைத்திருக்கும் ஊர்க்காரர்கள் நாம் கேட்காமல் வேறு யார் கேட்பது? அடுத்த முறை உங்கள் பள்ளிக் கண்காட்சியில் யாராவது, "பத்துப் பேருக்கு வலி போயிற்று" என்று புட்டியைக் காட்டினால், "மற்றப் பத்துப் பேருக்கு எதைத் தடவினீர்கள்?" என்று கேளுங்கள்.

அம்மா இன்றும் தடவிக்கொள்கிறார். தேய்த்துவிடுவது நான்தான்.