ஹேஷ்டேக் கஞ்சி ஊற்றுமா?

கைத்தறி நெசவாளர் வாழும் ஊர்களில் இப்போது ஒரு புதிய உபதேசம் நடக்கிறது. "சேலை தேங்கிக் கிடக்கிறதா? கவலை வேண்டாம். இன்ஸ்டாகிராமில் படம் போடு. படத்தின் கீழே வரிசையாக ஹேஷ்டேக் போடு. உலகமே உன் வாசலில் வந்து நிற்கும்" என்கிறார்கள். இதைச் சொல்லிக் கொடுக்கக் கட்டண வகுப்புகள் வேறு. பாவுக்கும் ஊடைக்கும் கடன் வாங்கும் குடும்பத்துப் பையன் வகுப்புக்கும் கடன் வாங்குகிறான். வாலிபத் தோழர்கள் நம்மிடம் வந்து, "இதில் இறங்கலாமா, கூடாதா?" என்று கேட்கிறார்கள். கேள்வி நியாயமானது. பதில் சொல்வது நமது கடமை.

ஹேஷ்டேக் என்பது என்ன? நெடுக்கே இரண்டு கோடு, குறுக்கே இரண்டு கோடு. நெசவாளியின் கண்ணுக்குப் பாவும் ஊடையும் போல் தெரியும் ஒரு சின்னம். இதை ஒரு சொல்லுக்கு முன்னால் போட்டால், அதே சொல்லைப் போட்டவர்களின் செய்திகள் எல்லாம் ஓரிடத்தில் திரளும். 2007 ஆகஸ்டில் கிறிஸ் மெசினா என்ற அமெரிக்கர் டுவிட்டரில் இந்த யோசனையைச் சொன்னார். இதற்கு அவர் காப்புரிமை வாங்கவில்லை. அதே ஆண்டு அக்டோபரில் கலிபோர்னியாவின் சான் டியாகோ பகுதியில் காட்டுத்தீ பரவியபோது, மக்கள் ஒருவருக்கொருவர் செய்தி சொல்லிக்கொள்ள இது உதவியது. ஆகவே பிறப்பில் இது ஊர்ப் பொதுக் கிணறு போன்றது.

அந்தக் கிணற்றைச் சுற்றி வேலி போட்டது யார்? 2011ல் இன்ஸ்டாகிராம் ஹேஷ்டேக்கை ஏற்றது. 2012ல் அந்த இன்ஸ்டாகிராமை சுமார் 100 கோடி டாலருக்கு விலை பேசி பேஸ்புக் கம்பெனி விழுங்கியது. இன்று மெட்டா என்று பெயர் சூட்டிக்கொண்டுள்ள அந்தக் கம்பெனியின் 2024ம் ஆண்டு வருமானம் 16,400 கோடி டாலருக்கும் மேல். அதில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பங்குக்கு மேல் விளம்பரக் கட்டணம். இவர்களுடைய தொழில் கூட்டத்தைச் சேர்த்து விற்பது. அப்படிப்பட்டவர்கள் அதே கூட்டத்தை ஓசியில் நமக்கு அழைத்து வந்து விடுவார்களா?

நடந்ததைப் பாருங்கள். பிடித்த ஹேஷ்டேக்கைத் தொடர்ந்து பின்பற்றும் வசதியை இன்ஸ்டாகிராம் 2017ல் கொடுத்தது. 2024 டிசம்பரில் அதைப் பறித்துக்கொண்டது. அதை நம்பி வியாபாரம் செய்த லட்சக்கணக்கான சிறு வியாபாரிகளை யாராவது ஒரு வார்த்தை கேட்டார்களா? ஹேஷ்டேக் போட்டால் பார்வையாளர் பெருகிவிட மாட்டார்கள் என்று அந்த ஸ்தாபனத்தின் தலைவர் ஆடம் மொசேரியே சொல்லியிருக்கிறார். இப்போது எக்ஸ் என்று வழங்கும் டுவிட்டரிலோ, விளம்பரங்களில் ஹேஷ்டேக்கே கூடாது என்று முதலாளி எலான் மஸ்க் 2025 ஜூனில் தடை போட்டார். சந்தையின் சாவி யார் மடியில் இருக்கிறது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

இன்னொரு மோசடியும் உண்டு. "கைத்தறி" என்ற ஹேஷ்டேக்கை யார் வேண்டுமானாலும் போடலாம். விசைத்தறியில் ஓட்டிய சேலைக்கும் போடுகிறார்கள். சேலை, வேட்டி, துண்டு உள்ளிட்ட 11 இனங்களில் குறிப்பிட்ட ரகங்களைக் கைத்தறிக்கே ஒதுக்கி 1985ல் சட்டம் இருக்கிறது. அதை மீறுகிறவர்களைக் கடைத்தெருவிலேயே பிடிக்காத சர்க்கார், கைபேசிக்குள் புகுந்து பிடிக்கப் போகிறதா?

சர்க்கார் வேறொன்று செய்தது. 2016 ஆகஸ்டில், அன்றைய மத்திய ஜவுளி மந்திரி ஸ்மிருதி இரானி "நான் கைத்தறி உடுத்துகிறேன்" என்ற பொருளில் ஆங்கிலத்தில் ஒரு ஹேஷ்டேக் தொடங்கினார். சினிமா நட்சத்திரங்களும் பிரமுகர்களும் படம் எடுத்துப் போட்டார்கள். 2020 ஆகஸ்ட் 7, தேசிய கைத்தறி தினத்தன்று, கைவினைப் பொருளுக்குக் குரல் கொடுங்கள் என்று மறுபடியும் ஒரு ஹேஷ்டேக். ஆனால் அதற்குப் பதினோரு நாள் முன்பு, ஜூலை 27 அன்று, அகில இந்திய கைத்தறி வாரியத்தைக் கலைத்துவிட்டார்கள்! நெசவாளர் பிரதிநிதிகள் உட்கார்ந்து பேச இருந்த ஓர் இடத்தை மூடிவிட்டு, கைபேசியில் குரல் கொடுக்கச் சொன்னார்கள்.

குரல் ஏராளம், கூலி எங்கே? 2019-20ல் மத்திய சர்க்கார் எடுத்த நான்காவது கைத்தறிக் கணக்கெடுப்பைப் புரட்டிப் பார்க்கட்டும். நாட்டில் நெசவாளரும் சார்புத் தொழிலாளரும் 35 லட்சத்துக்கு மேல். நெசவாளர் குடும்பங்களில் மூன்றில் இரண்டு பங்கு மாதம் 5,000 ரூபாய்க்கும் குறைவான வருமானத்தில் காலம் தள்ளுகின்றன.

இங்கேதான் விஷயத்தின் வேர் இருக்கிறது. கூலிக்கு நெய்கிறவனுக்குத் தறியில் ஏறிய பாவு சொந்தமில்லை. இறங்கிய சேலையும் சொந்தமில்லை. ஹேஷ்டேக் போட்டு ஒரு சேலைக்குப் பத்துச் சேலை விற்றாலும், லாபம் ஜவுளி முதலாளியின் பெட்டிக்குப் போகும். விளம்பரப் பணம் அமெரிக்கக் கம்பெனிக்குப் போகும். நெசவாளிக்குப் போவது பழைய கூலிதான். பாவுக்குக் கஞ்சி போடுகிறவன் வயிற்றுக்குக் கஞ்சி வார்க்க எந்த ஹேஷ்டேக்கும் வராது.

அப்படியானால் இந்தக் கருவியைத் தொடவே கூடாதா? நாம் அப்படிச் சொல்லவில்லை. கருவிமேல் நமக்குப் பகை இல்லை. அது யார் கையில், யாருக்காக என்பதே கேள்வி. கூட்டுறவுச் சங்கங்களில் இருக்கும் தோழர்கள் இதைக் கூட்டாகச் செய்யட்டும். ஆளுக்கொரு திசையில் ஹேஷ்டேக் போடுவதை விட்டு, ஊர்ப் பெயரும் ரகமும் சங்கத்தின் பெயரும் சேர்ந்த இரண்டு மூன்றை மட்டும் எல்லாரும் ஒன்றுபோல் போடட்டும். பவானி ஜமுக்காளம், நெகமம் சேலை என்று புவிசார் குறியீடு பெற்ற சரக்கானால் அந்தப் பெயரைத் தவறாமல் போட வேண்டும். தறியில் நெய்கிறவரின் சம்மதம் கேட்டு அவர் படத்தையும், சேலை முடிக்க எத்தனை நாள் ஆனது என்பதையும் போடட்டும். கைத்தறிக்கும் விசைத்தறிக்கும் உள்ள வித்தியாசம் வாங்குகிறவருக்கு விளங்கும். வாங்கியவரின் பெயரையும் விலாசத்தையும் சங்கத்தின் நோட்டில் எழுதி வைக்க வேண்டும். கம்பெனி நாளைக்குக் கதவை அடைத்தாலும் அந்த நோட்டு நம்மிடம் இருக்கும். கட்டண வகுப்புக்குக் கடன் வாங்க வேண்டாம். தெரிந்த ஒரு பிள்ளை ஒரு மாலையில் சங்கத்திலேயே சொல்லிக் கொடுத்துவிடலாம்.

ஆனால் இது கடையின் பெயர்ப் பலகைதான். பலகையைத் துடைத்து வைத்தால் மட்டும் அடுப்பு எரியாது. கட்டுப்படியாகும் விலையில் சிட்டநூல் வேண்டும். தேங்கிய சரக்கைச் சர்க்கார் கொள்முதல் செய்ய வேண்டும். 1985ம் ஆண்டுச் சட்டத்தை உறுதியாக அமல் நடத்த வேண்டும். கலைத்த வாரியத்தை மீண்டும் அமைக்க வேண்டும். விலைவாசிக்குத் தக்க கூலி உயர்வு வேண்டும். இவை எதுவும் கைபேசியில் விரல் தட்டிக் கிடைக்கப் போவதில்லை.

வாலிபத் தோழர்களே! படம் போடுங்கள், ஹேஷ்டேக்கும் போடுங்கள். போட்டு முடித்ததும் கைபேசியைப் பையில் வைத்துவிட்டுச் சங்கக் கூட்டத்துக்கு வாருங்கள். நமக்கு வேண்டிய கூட்டம் அங்கேதான் சேர வேண்டும்.