சன்னது இல்லாத வக்கீலும் சாகாத பத்திரமும்

கோர்ட்டுக்கு எதிரே டீக்கடை. தாலுகா ஆபீசுக்குப் பக்கத்தில் ஜெராக்ஸ் கடை. பத்திரப்பதிவு ஆபீஸ் வாசலில் மரநிழல். இந்த மூன்று இடங்களில் எங்கே போய் நின்றாலும் ஒருவர் நம்மை நோக்கி வருவார். கக்கத்திலே காகிதக் கட்டு, சட்டைப் பையிலே இரண்டு பேனா. "என்ன விஷயம்? நம்ம கோர்ட்தான், நான் பார்த்துக்கறேன்" என்று உபசாரம் செய்வார். "ஐயா, நீங்க வக்கீலுங்களா?" என்று கேட்க நம் உழைப்பாளித் தோழனுக்கு வாய் வராது. வெள்ளைச் சட்டையைக் கண்டதும் கும்பிட்டே பழகிய கைகள் அவை. கும்பிட்ட கையை இறக்குவதற்குள் அதில் ஒரு பேனா திணிக்கப்படும். பேனா பிடிக்கத் தெரியாதென்றால் கட்டைவிரலில் மை பூசப்படும்.

அந்த மை உலர்ந்த பிறகு என்ன நடக்கிறது என்பதைத்தான் இன்று நாம் பேச வேண்டியிருக்கிறது.

யார் வக்கீல்? 1961ஆம் ஆண்டின் வழக்கறிஞர்கள் சட்டம் இதைத் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. மாநில பார் கவுன்சிலின் பட்டியலில் பெயர் ஏறியவரே வக்கீல். சட்டப் பட்டம் வாங்கிச் சுவரிலே மாட்டியிருந்தாலும், பட்டியலில் பெயர் ஏறாதவர் வக்கீல் அல்லர். இருபது ஆண்டுகள் வக்கீல் வீட்டுக் குமாஸ்தாவாக இருந்தவரும் அல்லர். சன்னது இல்லாமல் கோர்ட்டில் தொழில் நடத்தினால் 45ஆம் பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறை. கோர்ட்டில் வாதாடுவது மட்டுமல்ல, சட்ட யோசனை சொல்வதும் பத்திரங்களை வரைந்து தருவதும்கூட வக்கீல் தொழிலில் அடங்கும் என்று 2018 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் கூறிவிட்டது. வெளிநாட்டு வக்கீல் கம்பெனிகளைப் பற்றி நம் சென்னை உயர் நீதிமன்றத்தில் தொடங்கி டெல்லி வரை போன வழக்கின் தீர்ப்பு அது.

ஆனால் தண்டிக்கிற பிரிவின் வாசகம் கோர்ட்டிலும் அதிகாரி முன்னிலையிலும் ஆஜராவதையே குறிவைக்கிறது. டீக்கடைப் பெஞ்சிலே உட்கார்ந்து பத்திரம் தயாரிப்பவனை அது எளிதில் எட்டுவதில்லை. வக்கீலுக்கு ஆள்பிடித்துத் தரும் தரகனையாவது அடக்கியிருக்கிறார்களா? வெள்ளைக்காரன் 1879இல் போட்ட சட்டத்தை நீக்கிவிட்டு, 2023இல் பாராளுமன்றம் புதிய பிரிவு ஒன்றைச் சேர்த்தது. அதிலே விதித்த தண்டனை மூன்று மாதம் வரை சிறை, அல்லது 500 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ஐந்நூறு ரூபாய்! ஒரு ஏழையிடம் ஒரே வாய்தாவுக்குப் பிடுங்குகிற தொகைகூட இல்லையே இது!

சரி, இப்படிப்பட்டவனோடு நாம் செய்துகொள்ளும் ஒப்பந்தத்தின் கதி என்ன? இதை இரண்டாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். பிரித்துப் பார்க்காததால்தான் பலர் குடிகெட்டுப் போகிறார்கள்.

முதலாவது, அவனுக்குக் கூலி பேசும் ஒப்பந்தம். "கேஸை நான் நடத்துகிறேன், இத்தனை ஆயிரம் கொடு" என்கிறான் சன்னது இல்லாதவன். சட்டம் தடுத்த காரியத்துக்குப் பேசிய பேச்சு செல்லாது என்கிறது 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், 23ஆம் பிரிவு. ஆகவே பாக்கிக் கூலிக்காக அவன் கோர்ட் ஏற முடியாது. வக்கீல் என்று பொய் சொல்லிப் பணம் வாங்கியிருந்தால் அது ஆள்மாறாட்ட மோசடி. போலீசில் புகார் கொடுக்கலாம், கொடுத்ததைத் திருப்பிக் கேட்கலாம்.

கூலியில் இன்னொரு தினுசும் உண்டு. "இப்போது ஒரு காசும் வேண்டாம். நஷ்டஈடு வந்ததும் நூற்றுக்கு இருபது கொடு, போதும்." ஆஸ்பத்திரிக் கட்டிலுக்கு அருகிலேயே நடக்கிற பேரம் இது. தோழர்களே, சன்னது பெற்ற வக்கீலுக்கே இந்த உரிமை கிடையாது! விபத்திலே கணவனை இழந்த ஒரு பெண்ணிடம் நஷ்டஈட்டில் சதவீதம் கேட்டார் ஒரு வக்கீல். அப்படிக் கேட்பது பொதுநலனுக்கு விரோதம், செல்லாது என்று 2017இல் உச்ச நீதிமன்றம் தள்ளியது. வேலை செய்யும்போது காயம்பட்டவனுக்கும், உயிரிழந்தவன் குடும்பத்துக்கும் கிடைக்கிற ஈட்டுத்தொகையை இன்னொருவனுக்கு எழுதிக்கொடுக்கவே முடியாது என்று 1923ஆம் ஆண்டுச் சட்டம் வேலி போட்டது. அதன் இடத்துக்கு வந்த 2020ஆம் ஆண்டுச் சமூகப் பாதுகாப்புத் தொகுப்பிலும் அந்த வேலி இருக்கிறது. பங்கு எழுதி வாங்கிய காகிதத்தைக் காட்டி எவனாவது மிரட்டினால், அந்தக் காகிதம் வெறும் காகிதம் என்று துணிந்து சொல்லுங்கள்.

இதுவரை சொன்னது நமக்கு ஆறுதல். இனிச் சொல்லப்போவது ஆபத்து.

இரண்டாவது, அந்தப் போலி வக்கீல் நமக்கும் இன்னொருவருக்கும் இடையே எழுதித் தந்த ஒப்பந்தம். நிலத்துக்கு அட்வான்ஸ் கொடுத்த பத்திரம், கடன் பத்திரம், பங்காளிகளின் பாகப்பிரிவினை, ஆலை முதலாளியோடு செய்த கணக்குத் தீர்வு. "எழுதினவன்தான் போலி ஆயிற்றே, அவன் எழுதியதும் செல்லாதுதானே?" என்று நம்மவர்கள் எண்ணிக்கொள்கிறார்கள். இல்லை, தோழர்களே, இல்லை! எழுதியவன் போலி, பத்திரம் அசல்.

காரணம் என்ன? ஒப்பந்தம் செல்லுமா என்று பார்க்கும்போது கோர்ட் கேட்கிற கேள்விகள் வேறு. செய்துகொண்டவர்கள் தகுதி உடையவர்களா? மனமார ஒப்பினார்களா? கொடுக்கல் வாங்கல் நியாயமானதா? நோக்கம் சட்டத்துக்கு உட்பட்டதா? ஒப்பந்தச் சட்டத்தின் 10ஆம் பிரிவு இவ்வளவுதான் கேட்கிறது. பேனா பிடித்தவனுக்குச் சன்னது உண்டா என்று அது கேட்கவில்லை. நம் பத்திரத்தை நாமே எழுதிக்கொள்ளலாம், பக்கத்து வீட்டு வாத்தியாரும் எழுதித் தரலாம். அதனால் மட்டும் பத்திரம் செத்துவிடாது. பதிவு ஆபீசில் உரிமம் பெற்ற ஆவண எழுத்தர்கள் இருக்கிறார்களே, அவர்களுக்கு உள்ள உரிமமும் எழுதுவதற்குத்தான். வழக்காடுவதற்கு அல்ல.

ஆகவே தப்பாக எழுதிய பத்திரமும் நம் தலையில்தான் உட்காரும். "சட்டம் தெரியாமல் கையெழுத்துப் போட்டேன்" என்றால், சட்டத்தைப் பற்றிய தவறான எண்ணம் ஒப்பந்தத்தைக் குலைக்காது என்கிறது 21ஆம் பிரிவு. "வாயால் ஒன்று பேசினோம், காகிதத்தில் வேறொன்று இருக்கிறது" என்றால், எழுத்தில் இருப்பதை மாற்ற வாய்ச்சாட்சி பொதுவாக ஏற்கப்படாது. 1872ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டம் வகுத்த இந்த விதியை 2023ஆம் ஆண்டின் புதிய சாட்சியச் சட்டமும் வைத்துக்கொண்டிருக்கிறது.

உதாரணம் பாருங்கள். வயிற்றைக் கட்டி வாயைக் கட்டிச் சேர்த்த பணத்தில் ஒருவன் இரண்டு சென்ட் மனை வாங்குகிறான். "கிரயம் பதிந்தால் செலவு அதிகம். பவர் பத்திரம் போதும், ஊரில் எல்லாரும் அப்படித்தான் செய்கிறார்கள்" என்று யோசனை சொல்கிறார் மரநிழல் வக்கீல். பவர் பத்திரத்தாலும் விற்பனை ஒப்பந்தத்தாலும் சொத்து கைமாறாது, பதிவு செய்த கிரயப் பத்திரமே வேண்டும் என்று 2011 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் அடித்துச் சொல்லிவிட்டது. பவர் கொடுத்தவன் இறந்தால் பவரும் பொதுவாக அவனோடு போகிறது. பிள்ளைகள் வந்து நிற்கிறார்கள். பணம் கொடுத்தவன் வாங்கியது மனையையா? இல்லை, வழக்கை! யோசனை சொன்னவனோ அடுத்த ஆளுக்கு டீ சொல்லிக்கொண்டிருக்கிறான்.

தப்ப வழியே இல்லையா? உண்டு. ஏமாற்றிக் கையெழுத்து வாங்கியிருந்தால் ஒப்பந்தத்தை ரத்து செய்யக் கேட்கலாம். பத்திரத்தின் தன்மையையே மறைத்து, கடன் பத்திரம் என்று சொல்லிக் கிரயத்தில் கைநாட்டு வாங்கியிருந்தால், அது தொடக்கம் முதலே செல்லாது. தன்மையைச் சொல்லி, உள்ளே இருக்கும் விவரத்தில் மட்டும் ஏமாற்றியிருந்தால், நாம் போய் ரத்து செய்யும் வரை அது செல்லும். 1968இல் உச்ச நீதிமன்றம் காட்டிய வேறுபாடு இது. ரத்து கேட்க, உண்மை தெரிந்த நாளிலிருந்து மூன்று ஆண்டுதான் கெடு. ஏமாற்றப்பட்டதை மெய்ப்பிக்கும் பாரமும் ஏமாந்தவன் தோளில்தான். சாட்சிக் கையெழுத்துப் போட்டவனோ பெரும்பாலும் அந்த டீக்கடையின் ஆளாகவே இருப்பான்!

"அப்படியானால் வக்கீல்களின் ஏகபோகத்துக்கு நீங்கள் வக்காலத்து வாங்குகிறீர்களா?" என்று ஒரு தோழர் கேட்கக்கூடும். நியாயமான கேள்விதான். சன்னது பெற்றவர்கள் எல்லாரும் சத்தியசந்தர்கள் என்று நாம் சொல்லவில்லை. அந்தப் பட்டியலிலேயே போலிப் பட்டங்கள் நுழைந்திருக்கலாம் என்பதால்தானே, 2023 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம், ஓய்வு பெற்ற நீதிபதி தீபக் குப்தா தலைமையில் குழு அமைத்துச் சரிபார்க்கச் சொன்னது!

சன்னது இல்லாதவர் பேசவே கூடாது என்பதும் சட்டம் அல்ல. தொழிற்சங்க நிர்வாகி தொழிலாளிக்காகத் தொழில் தீர்ப்பாயத்தில் வாதாடலாம் என்று 1947ஆம் ஆண்டின் தொழில் தகராறுச் சட்டம் உரிமை கொடுத்தது. 2020ஆம் ஆண்டின் தொழில் உறவுத் தொகுப்பிலும் அந்த உரிமை நிற்கிறது. அதுமட்டுமா? அந்த மன்றத்தில் எதிர்த்தரப்பும் சம்மதித்து மன்றமும் அனுமதித்தால்தான் வக்கீலே நுழைய முடியும் என்றது சட்டம். கறுப்புக் கோட்டு வைத்து முதலாளி மிரட்டாமல் இருப்பதற்காகத் தொழிலாளி பெற்ற பாதுகாப்பு இது. சங்கச் செயலாளருக்கும் டீக்கடைக்காரருக்கும் என்ன வேறுபாடு? ஒருவரைத் தேர்ந்தெடுத்தது நாம். கணக்குக் கேட்கலாம், தவறினால் இறக்கலாம். மற்றவரின் விலாசம்கூட நமக்குத் தெரியாது.

ஏழை ஏன் அந்த மரநிழலுக்குப் போகிறான்? உண்மையான வக்கீலின் வீட்டுப் படி அவனுக்கு உயரமாக இருக்கிறது. பத்திரத் தமிழ் அவனுக்குப் புரிவதில்லை. இலவசமாக வக்கீல் கிடைப்பார் என்பதை யாரும் அவனுக்குச் சொல்லவில்லை. 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின் 12ஆம் பிரிவைப் படித்துப் பாருங்கள். பெண்கள், குழந்தைகள், தாழ்த்தப்பட்ட மக்கள், பழங்குடியினர், மாற்றுத் திறனாளிகள், தொழிற்சாலைத் தொழிலாளர்கள் ஆகியோருக்கு வருமானம் எவ்வளவு என்று பாராமல் உதவி செய்ய வேண்டும் என்கிறது அது. தாலுகா கோர்ட்டிலேயே வட்டச் சட்டப் பணிகள் குழு இருக்கிறது. 15100 என்று போன் செய்தாலும் வழி சொல்வார்கள். டீக்கடைக்காரருக்குத் தெரிந்த இந்தச் செய்தி நம் கிளைச் செயலாளர்களில் எத்தனை பேருக்குத் தெரியும்?

இனி நம் வீட்டுக்குள்ளும் கொஞ்சம் பார்ப்போம். பிறரைச் சொல்லிவிட்டு நம்மை விட்டுவிடுவது நேர்மை ஆகாது. சட்டைப் பையில் கட்சி அட்டையை வைத்துக்கொண்டு பதிவு ஆபீஸ் வாசலில் கமிஷன் வாங்குகிறவர் நம்மிடையே இல்லை என்று நெஞ்சில் கைவைத்துச் சொல்ல முடியுமா? பஞ்சாயத்துப் பேசுகிறேன் என்று இரு தரப்பிடமும் வெற்று முத்திரைத்தாளில் கையெழுத்து வாங்கி வைத்துக்கொள்ளும் ஆட்கள் இல்லையா? அப்படிப்பட்டவருக்குப் பெயர் தொண்டர் அல்ல, தரகர். நம்மை நம்பித்தானே மக்கள் கேள்வி கேட்காமல் கையெழுத்துப் போடுகிறார்கள்? டீக்கடைக்காரன் ஏமாற்றினால் ஒரு குடும்பம் கெடும். நாம் ஏமாற்றினால் இயக்கத்தின் மேல் ஊர் வைத்த நம்பிக்கையே கெடும்.

ஆகவே ஒவ்வொரு கிளையும் சங்கமும் இந்தச் சிறிய காரியத்தைச் செய்யட்டும். பத்திரத்தோடு வருகிறவருக்கு அதை வரி விடாமல் உரக்கப் படித்துக் காட்டுங்கள். படித்துக் காட்டக் காசு வாங்காதீர்கள். யோசனை வேண்டுமானால் சட்டப் பணிகள் குழுவுக்குக் கூடவே போங்கள். வக்கீல் என்று சொல்பவரிடம் பதிவு எண்ணைக் கேட்கச் சொல்லிக்கொடுங்கள். உண்மையான வக்கீல் அதற்குக் கோபிக்க மாட்டார். வெற்றுத்தாளில் கையெழுத்துக் கேட்டால், கேட்பவர் யாராயினும், நம் கட்சிக்காரரே ஆயினும், பேனாவைக் கீழே வைக்கச் சொல்லுங்கள்.

அரசாங்கத்துக்கும் பார் கவுன்சிலுக்கும் நாம் சொல்ல வேண்டியது இதுதான்: வக்கீல்களின் பட்டியலை ஒவ்வொரு கோர்ட் வாசலிலும் தமிழில் எழுதி ஒட்டுங்கள். டீக்கடைப் பெஞ்சில் நடக்கும் போலித் தொழிலுக்கும் தண்டனை எட்டும்படி சட்டத்தைத் திருத்துங்கள். தரகனுக்கு ஐந்நூறு ரூபாய் அபராதம் என்ற வேடிக்கையை நிறுத்துங்கள்.

அதுவரை நம் காவல் நம் கையில். போலி வக்கீல் ஒருநாள் பிடிபடுவான், சிறைக்கும் போவான். அவன் எழுதிய பத்திரம் சிறைக்குப் போகாது. நம் வீட்டு வாசலில் வந்து நிற்கும். கேட்க வேண்டிய கேள்வியைக் கையெழுத்துக்கு முன்னால் கேட்போம்!