தப்பையும் எழுத விடுங்க!

மேலே போகும் ராக்கெட்டின் அடிப்பாகம் முன்பெல்லாம் பெரும்பாலும் கீழே விழுந்து வீணாகிவிடும். அமெரிக்காவின் ஸ்பேஸ்எக்ஸ் நிறுவனம் அதைப் பத்திரமாக இறக்கப் பார்த்தது. 2015 ஜனவரியில் கடலில் மிதந்த மேடையில் மோதி வெடித்தது. ஏப்ரலில் சாய்ந்து விழுந்தது. டிசம்பரில் ஃபால்கன் 9 தரையில் நிமிர்ந்து நின்றது! 2017-ல், இறங்கிய ஒன்றையே மறுபடி ஏவினார்கள். அதே வருடம், வெடித்ததை எல்லாம் தொகுத்து வீடியோவாக ஊருக்கே காட்டினார்கள்.

நாம என்ன பண்றோம்? தனி ஊசல் சோதனையில் எனக்கு ஈர்ப்பு முடுக்கம் 8.2 வந்தது. அதை அடிச்சிட்டு, பக்கத்து பெஞ்ச் ரீடிங்கை எழுதிட்டேன். மார்க் கிடைத்தது. எங்கே தப்பு பண்ணினேன்னு இன்னிக்கும் தெரியாது.

ஆசிரியர்களே, தப்பான ரீடிங்கையும் ரெக்கார்டு நோட்டில் எழுத விடுங்கள். காரணம் கண்டுபிடித்தால் அதற்கும் மார்க் போடுங்கள். ராக்கெட்டே விழுந்துதானே நிற்கக் கத்துக்கிச்சு!

– பதினொன்றாம் வகுப்பு மாணவி