பந்தியில் இருப்பவரை எழுப்பலாமா?

தை மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், கீழ்வானம் வெளுக்கத் தொடங்குவதற்கு முன்பே, நண்பர்கள் நால்வர் வேதாரண்யத்தில் காப்பி குடித்துவிட்டுக் கோடியக்கரைக்குப் புறப்பட்டோம். இருபது ஆண்டுகளாகப் பட்சிகளின் வரவையும் போக்கையும் குறிப்புப் புத்தகத்தில் எழுதிவரும் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர். முழங்கை நீள லென்ஸ் பூட்டிய காமிராவைக் கைக்குழந்தையைப்போல் மடியில் வைத்துக்கொண்டு வந்தவர் ஒருவர். பறவையைக் காட்டிலும் மீன் குழம்பின்மீதே தமக்குச் சிரத்தை அதிகம் என்பதை ஒளிக்காதவர் ஒருவர். எதைப் பார்த்தாலும் அதை நான்கு பேருக்குச் சொல்லியாக வேண்டும் என்னும் பலவீனம் உடைய நான். மாலையில் திரும்பியபோது ஆசிரியரின் புத்தகத்தில் நாற்பத்தொரு இனங்களின் பெயர்கள் ஏறியிருந்தன. ஆனால் நான் இங்கே எழுதப் புகுந்தது அந்தக் கணக்கைப் பற்றி அன்று, உப்பளத்துப் பெரியவர் ஒருவர் எங்களைக் கேட்ட ஒரு கேள்வியைப் பற்றி.

கோடியக்கரையில் முதலில் எதிர்ப்படுவது கடல் அன்று, காடு. மழை குறைந்த மாதங்களிலும் இலை உதிர்க்காத பாலை மரங்களும், அவற்றின் இடையே புல்வெளிகளுமாக விரியும் இந்தப் பூமியை, வெளிமான்களைக் காக்கும் பொருட்டு 1967-இல் அரசாங்கம் சரணாலயமாக அறிவித்தது. பனி விலகாத புல்வெளியில், முதுகு கறுத்து வயிறு வெளுத்த கலைமான் ஒன்று, முறுக்கிய கொம்புகளைப் பின்னே சாய்த்து, முகத்தை உயர்த்திக்கொண்டு தன் பெண்மான்களைச் சுற்றிச் சுற்றி நடந்த கம்பீரத்தைக் கண்டபோது, மீன் குழம்பு நண்பர்கூட இரண்டு நிமிஷம் வாய் திறக்கவில்லை.

காட்டைக் கடந்தால் சதுப்பு. வானமும் நீரும் எங்கே பிரிகின்றன என்று சொல்ல முடியாத அந்த வெளியில், தூரத்தே வெளிறிய ரோஜா நிறத்தில் ஒரு கோடு தெரிந்தது. தொலைநோக்கியில் பார்த்தபோது அந்தக் கோடு நூற்றுக்கணக்கான பூநாரைகளாகப் பிரிந்து, தலையைத் தலைகீழாக நீரில் அமிழ்த்திச் சேற்றை அலகால் சலித்துக்கொண்டிருந்தது. கண்ணைக் கவர்வது பூநாரை என்றாலும் என் மனத்தைப் பிடித்து நிறுத்தியவை, அருகே கரைச் சேற்றில் மேய்ந்த கொசு உள்ளான்கள். முப்பது கிராம்கூடத் தேறாத அந்தச் சிறு ஜீவன், தையல் இயந்திரத்தின் ஊசி துணியில் இறங்கி ஏறுவதுபோல் அலகை ஓயாது சேற்றில் குத்திக் குத்தி எடுத்து, ஓர் அடி ஓடி, மறுபடியும் குத்துகிறது. ஒரு நிமிஷத்துக்கு எத்தனை முறை என்று எண்ண முயன்ற ஆசிரியர், அறுபதைத் தாண்டியதும் கணக்குத் தவறிச் சிரித்துவிட்டார்.

அப்பொழுதுதான் அந்தக் காரியம் நடந்தது. ஒளி நன்றாக இருக்கிறது, இன்னும் பத்தடி போனால் போதும் என்று காமிரா நண்பர் சேற்றில் இறங்கி நடக்க, உள்ளான்களும் உப்புக்கொத்திகளும் பவளக்காலிகளும் ஒரே மூச்சில் எழும்பி, வெள்ளியும் சாம்பலுமாய் ஆகாயத்தில் இரண்டு வட்டம் சுழன்று, கண்ணுக்கு எட்டாத அடுத்த பாத்திக்குப் போய்விட்டன. "அடடா, என்ன அழகு!" என்று நாங்கள் கைதட்டாத குறைதான். உப்பளத்து வரப்பின்மேல் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்த பெரியவர் ஒருவர் நின்று, கோபம் துளியும் இல்லாத குரலில் கேட்டார்: "தம்பி, அதுங்க சாப்பிட்டுக்கிட்டு இருக்குதுங்க. பந்தியில உக்காந்தவங்கள யாராச்சும் எழுப்புவாங்களா?"

விருந்துக்கு வந்தவரை இலையிலிருந்து எழுப்புவது நம்மிடையே எத்தகைய அபசாரம் என்பதை நான் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. அந்தச் சிறு பட்சி சைபீரியாவின் வடகோடியில், பனி உருகும் சில வாரங்களில் குஞ்சு பொரித்துவிட்டு, பல்லாயிரம் கிலோமீட்டர் கடந்து இங்கே வருகிறது. வேனில் பிறந்ததும் அதே தூரம் திரும்பிப் பறக்க வேண்டும். அந்தப் பிரயாணத்துக்கு வேண்டிய கொழுப்பை அது சேர்த்துக்கொள்வது இந்தச் சேற்றிலுள்ள புழுக்களிலும் கூனிப்பொடி போன்ற நுண்ணிய உயிர்களிலும் இருந்துதான். நாம் ஒரு படத்துக்காக அதை எழுப்பும்போது, உண்ட ஆகாரத்தில் ஒரு பங்கு அந்த வீண் பறத்தலிலேயே கரைந்துபோகிறது. ஒரு முறை என்றால் தாங்கும். விடுமுறை நாளெல்லாம் எழுப்பினால் தாங்குமா?

இந்தப் பறவைகளின் காலில் வளையம் மாட்டி, அவற்றின் யாத்திரை வழிகளை அறியும் பணியை, பறவையியல் அறிஞர் சாலிம் அலியின் ஊக்கத்தால், பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் இங்கே பல்லாண்டுகள் நடத்தியது. 2002-இல் கோடியக்கரைச் சரணாலயமும் அதை அடுத்த சதுப்புகளுமாக 38,500 ஹெக்டேர் நிலம் சதுப்புநிலங்களைக் காப்பதற்கான ராம்சர் என்னும் சர்வதேச உடன்படிக்கையின் பட்டியலில் இடம்பெற்றது. உலகம் இவ்வளவு மதித்த பிறகும், பயிர் விளையாத உவர்நிலம் என்றால் தரிசு என்றும், தரிசு என்றால் எவரும் எதையும் கொட்டலாம் என்றும் எண்ணும் வழக்கம் நம்மைவிட்டு நீங்கவில்லை. 1930-இல் உப்புச் சத்தியாக்கிரகத்துக்காக இராஜாஜி தொண்டர்களோடு திருச்சியிலிருந்து நடந்து வந்து உப்பு அள்ளியதும் இதே வேதாரண்யத்து உவர்மண்ணில்தான் என்பதை நினைத்தாலே, இந்த மண்ணைப் பயனற்றது என்று சொல்ல நா கூசவேண்டும்.

தஞ்சை மராட்டிய மன்னர்கள் இராமேசுவரம் செல்லும் யாத்திரிகர்களுக்காக வழிநெடுகச் சத்திரங்கள் கட்டிவைத்தார்கள். அந்தச் சீமையின் கடைமடையிலே, எவரும் கட்டாமல் தானே அமைந்த சத்திரம் இந்தச் சதுப்பு. சத்திரத்தில் அடுப்பு அணையாமல் இருக்க வேண்டுமானால், மழைநீரும் கடைமடை வாய்க்கால்களின் நன்னீரும் தடையின்றி வந்து உவர்ப்பைத் தணிக்க வேண்டும். புல்வெளியை விழுங்கிவரும் சீமைக் கருவேலத்தை வனத்துறை விடாமுயற்சியோடு அகற்ற வேண்டும். பறவை மேயும் பாத்திகளுக்கு எவ்வளவு தூரத்தில் நிற்கலாம் என்று எல்லை குறித்து, அதைக் காக்கும் பொறுப்பைத் தக்க ஊதியத்தோடு உள்ளூர்க்காரர்களிடமே ஒப்படைக்க வேண்டும். உள்ளூரார் பறவைகளைக் காப்பது நமக்குப் புதிதும் அன்று. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியிலேயே, சிப்பாய்கள் பறவைகளைச் சுடக்கூடாது என்று கலெக்டரிடம் உத்தரவு வாங்கிய வேடந்தாங்கல் மக்கள் எந்தச் சாஸ்திரமும் படித்தவர்கள் அல்லர். பறவையின் எச்சம் தங்கள் வயலுக்கு உரம் என்பதை அறிந்த குடியானவர்கள்.

காமிரா நண்பர் அன்று பெரியவரிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு வரப்பில் ஏறி உட்கார்ந்தார். அசையாமல் முக்கால் மணி நேரம் இருந்த பிறகு, கொசு உள்ளான்கள் தாமாகவே திரும்பி வந்து, முன்னைக் காட்டிலும் அருகில் மேய்ந்தன. அவருக்கு அன்று கிடைத்த நல்ல படம் அதுதான். இந்தப் பனிக்காலத்தில் கோடியக்கரைக்குப் போகும் வாசகர்களை நான் வேண்டிக்கொள்வதும் அவ்வளவே: வரப்பைவிட்டு இறங்காதீர்கள், உட்கார்ந்து பாருங்கள்.