சின்னாச்சி ஏன் கூரைக்குப் போனாள்?

போன வருசம் ஆவணி மாதம் வீமன் எங்கட வீட்டுக்கு வந்தான். அன்றைக்குப் பின்னேரமே சின்னாச்சி குசினிக் கூரைக்கு ஏறிவிட்டாள். அதற்குப் பிறகு பதினொரு நாள் பகலில் அவளை நிலத்தில் காணவில்லை. அம்மா மீன் வெட்டுகிற நேரம் கூரை விளிம்பில் வந்து குந்தியிருந்து பார்ப்பாள், இறங்கமாட்டாள். ராத்திரி எல்லாரும் படுத்த பிறகு கோடிப்பக்கத்தால் இறங்கி, வைத்ததைத் தின்றுவிட்டுத் திரும்பவும் மேலே.

சின்னாச்சி எங்கட பூனை, வயது ஒன்பது. அவளின் மகள் கறுப்பிக்கு இரண்டு வயது. வீமன் ஏழு மாத நாய். சொந்தக்கார மாமா ஒருவர் வெளிநாடு வெளிக்கிட, அவர் வீட்டில் இருந்து வந்தவன். அந்த வீட்டில் பூனை இல்லை. குட்டியில் இருந்தே சங்கிலி. இந்த இரண்டு விசயத்தையும் நாங்கள் அப்போது கணக்கிலேயே எடுக்கவில்லை. பழைய நாய் செத்துப்போய், ஊருக்குள் களவும் கூடி, "வீட்டுக்கு ஒரு நாய் வேணும்" என்று அப்பா சொல்லிக்கொண்டிருந்த நேரம் கிடைத்த நாய். அவ்வளவுதான் யோசனை.

நான் சொல்ல வந்தது ஒரே ஒரு விசயம். பூனையோடு இருந்து பழக வேண்டிய நாயை அடித்தால், ஆபத்து அந்தப் பூனைக்குத்தான். இதைக் கறுப்பியின் முதுகில் ஏழு தையல் போட்டபிறகுதான் நாங்கள் படித்தோம்.

பெரியப்பா நாய் வளர்ப்பில் ஊரில் பேர் எடுத்த ஆள். அவர் செருமினாலே அவரின் நாய்கள் வாலை மடக்கிக்கொண்டு படுக்கும். வீமன் கறுப்பியைத் துரத்திக்கொண்டு கிணத்தடி மட்டும் ஓடியதைக் கண்டவர், வேலியில் ஒரு பூவரசங்கம்பை முறித்துக்கொண்டு வந்தார்.

"பிள்ளை, இதுக்கு இப்பவே ரெண்டு போடவேணும். அடியாத மாடு படியாது."

வீமனைச் சங்கிலியில் இழுத்துப் பிடித்தார். கறுப்பியை அவனுக்கு முன்னால் தூக்கிப் பிடிக்கச் சொன்னார். தம்பி பிடித்தான். வீமன் பாய, அடி விழுந்தது. திரும்பப் பாய, திரும்ப அடி. உறுமினான், அதுக்கும் அடி. நாலாம் தரம் தலையைத் திருப்பிக்கொண்டு நிலத்தோடு படுத்துவிட்டான்.

"பாத்தியே?" என்றார் பெரியப்பா.

பார்த்தேன். வேலை செய்த மாதிரித்தான் இருந்தது. அதை மறைத்துக் கதைத்துப் பிரயோசனம் இல்லை. அடி உடனே வேலை செய்கிற மாதிரித் தெரியும், அதில் இருக்கிற பெரிய கரைச்சலே அதுதான்.

நாலு நாள் இப்படி நடந்தது. ஐந்தாம் நாள் மத்தியானம் வீட்டில் நான் மட்டும். வீமனின் கழுத்துப்பட்டி கழன்றது எனக்குத் தெரியாது. கறுப்பி கத்தின சத்தத்துக்கு ஓடிவந்தால், அவள் அவன் வாயில். முந்தியெல்லாம் துரத்தினால் குரைத்துக்கொண்டு துரத்துவான், பூனைகளுக்கு ஓட நேரம் கிடைக்கும். இந்தமுறை ஒரு சத்தமும் இல்லை. ஒரு வாளித் தண்ணியை மூஞ்சியில் ஊத்தினபிறகுதான் விட்டான். கறுப்பியைத் தூக்கப்போய் என் கையும் கீறுப்பட்டது. (இப்படி நடந்தால் சின்னக் காயம் என்று விடாதீர்கள். ஓடுகிற தண்ணியில் சவர்க்காரம் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போகவேணும். விசர்நாய்க்கடி பூனையாலும் வரும்.)

கறுப்பி பிழைத்தாள். பக்கத்து வீட்டு அக்கா நல்ல மனசோடு "நோவுக்கு அரைப் பனடோல் கரைச்சுக் குடுங்கோ" என்று சொன்னா. நல்லகாலம், கொடுக்கவில்லை. பூனைக்கு அது நஞ்சு என்று மிருக வைத்தியர் பிறகு சொன்னார். இதைத் தெரிந்துவைத்திருங்கள்.

அன்றிரவு அப்பா முடிவு சொல்லிவிட்டார். "நாளைக்குச் சந்தையடியில கொண்டுபோய் விடுறன்."

எங்கட ஊரில் இது புதினமான விசயம் இல்லை. தெருநாய்களைக் கொல்லுவதில்லை என்று 2006 இல் அரசு கொள்கை எடுத்தது. நல்ல விசயம்தான். ஆனால் வேண்டாத நாயைச் சாக்கில் கட்டிக்கொண்டுபோய்ச் சந்தையடியிலோ கோயில் வீதியிலோ விட்டுவிட்டு வருகிறவர்கள், தாங்கள் ஒன்றையும் கொல்லவில்லை என்றுதான் நினைக்கிறார்கள். சங்கிலியிலேயே வளர்ந்த ஏழு மாத நாய், சந்தை நாய்களுக்கு நடுவில் எத்தனை நாள் தாங்கும்? அப்பாவிடம் ஒரு மாதம் கேட்டேன். பூனைகளை அவன் கண்ணிலேயே காட்டக்கூடாது என்ற நிபந்தனையோடு தந்தார்.

அந்த மாதத்தின் முதல் வேலை, வீமன் உண்மையில் என்ன படித்தான் என்று யோசித்தது. மணி அடித்தால் வாயூறின பவ்லோவின் நாயைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். சாப்பாடு வரப்போகிறது என்பதற்கு மணி ஒரு அடையாளமாகிவிட்டது. அதையே வீமன் இருந்த இடத்தில் இருந்து பாருங்கள். கம்பு அவனுக்குப் பின்னால், பெரியப்பாவின் கையில். கண்ணுக்கு முன்னால் இருந்தது கறுப்பி. கறுப்பி வந்தால் முதுகு எரிகிறது. நாலு நாள், திரும்பத் திரும்ப. நாங்கள் "துரத்தாதே" என்று படிப்பிப்பதாக நினைத்துக்கொண்டு "இவள்தான் உன்ர நோவு" என்று படிப்பித்திருக்கிறோம்.

அந்த உறுமலுக்கும் அடித்தோமே, அதுதான் மிச்ச அநியாயம். உறுமல் என்பது "எனக்கு ஏலாது, தள்ளிப் போ" என்று நாய் தருகிற தகவல். அதை நிறுத்தினோம். உள்ளே இருந்த பயமும் கோபமும் அப்படியே இருந்தன. அதனால்தான் அன்று மத்தியானம் சத்தம் வரவில்லை.

பெரியப்பாவிடம் இதைச் சொன்னேன். "எங்களையும் அடிச்சுத்தான் வளர்த்தது. நாங்கள் என்ன கெட்டே போனனாங்கள்?" என்றார். இந்த வசனத்தைக் கேட்காத பிள்ளை எங்கட பக்கத்தில் இல்லை. பள்ளிக்கூடங்களில் அடிக்கக்கூடாது என்று 2005 இலேயே சுற்றறிக்கை வந்துவிட்டது. அதற்குப் பிறகு படித்த நாங்களும் அடி வாங்கினோம். அடிக்கிற சேர் வகுப்பில் நிற்கும்போது ஊசி விழுந்தால் கேட்கும். அவர் லீவு எடுத்த நாளில் அந்த வகுப்பு எப்படி இருந்தது என்று ஞாபகப்படுத்திப் பாருங்கள். வீமனும் பெரியப்பா நின்றபோது படுத்துத்தான் இருந்தான்.

இன்னொன்றும் எனக்குப் பிறகுதான் உறைத்தது. பெரியப்பா வீட்டில் பூனை இருந்ததே இல்லை.

அவரை மட்டும் குறை சொல்லவும் ஏலாது. கம்பு வருவதற்கு முதல் நாள் நான் என்ன செய்தேன் தெரியுமோ? யூரியூப்பில் பார்த்த மாதிரி வீமனைச் சரித்து விழுத்தி, கழுத்தில் கையை வைத்து அமத்திப் பிடித்தேன். "நான்தான் தலைவர்" என்று காட்டவாம். ஓநாய்க் கூட்டத்தில் அடிபட்டு வெல்கிறதுதான் தலைவர், நாயும் அப்படித்தான் என்கிற கதை. அது எங்கிருந்து வந்தது என்று தேடினால், 1947 இல் ருடோல்ஃப் ஷென்கெல் என்பவர் எழுதிய ஆய்வில் போய் நிற்கிறது. சுவிற்சர்லாந்தின் பாசல் மிருகக்காட்சிச்சாலையில் அடைத்து வைத்த ஓநாய்களைப் பார்த்து எழுதியது. அதைப் பரப்பின புத்தகங்களில் ஒன்று, அமெரிக்க ஆய்வாளர் டேவிட் மெக் 1970 இல் எழுதியது. அதே மெக் பிறகு காட்டில் ஓநாய்களை வருசக்கணக்காகப் பார்த்தார். ஒரு கூட்டம் என்பது பெரும்பாலும் தாய், தகப்பன், பிள்ளைகள்தான் என்று கண்டு, 1999 இல் தன்னுடைய பழைய கருத்தைத் திருத்தி எழுதினார். அந்தப் பழைய புத்தகத்தை இனி அச்சடிக்கவேண்டாம் என்று பதிப்பகத்தையும் கேட்டார். எழுதினவரே கைவிட்டதை நான் எங்கட முற்றத்தில் வீமனுக்குச் செய்துகொண்டிருந்தேன்.

சரி, பிறகு என்ன செய்தோம்?

முதல் இரண்டு கிழமை ஒருத்தரை ஒருத்தர் காணவே விடவில்லை. வீமனுக்கு முன்விறாந்தை, பூனைகளுக்குக் குசினிப் பக்கம், நடுக்கதவு பூட்டு. சின்னாச்சி படுக்கிற பழைய சீலைத்துண்டை வீமனின் சாப்பாட்டுக் கோப்பைக்குப் பக்கத்தில் போட்டோம். அவனின் சாக்கை அங்கே போட்டோம். சாப்பாடு பூட்டின கதவுக்கு இரண்டு பக்கமும், ஒரே நேரத்தில். முதலில் கதவில் இருந்து தூர, பிறகு நாளுக்குக் கொஞ்சம் கிட்ட. சின்னாச்சி நாலு நாள் சாப்பாட்டைத் தொடவில்லை. கோப்பையைத் திரும்பவும் தூர வைத்துத் தொடங்கினோம்.

அதே நாட்களில் பூனை இல்லாமலே மூன்று சொல் பழக்கினோம்: "வா", "இரு", "விடு". அவித்த கோழி ஈரலை நகத்தளவு வெட்டி வைத்துக்கொண்டு, ஒருதரத்துக்கு ஐந்து நிமிடம், காலையும் பின்னேரமும். சொன்னதைச் செய்த அந்தக் கணத்திலேயே ஈரல் வாய்க்குப் போகவேணும். குசினிக்குள் போய் எடுத்து வருவதற்குள் அவன் வேறு ஏதோ செய்திருப்பான், சம்பளம் அதுக்குப் போய்விடும். "விடு" பழக்க, பிஸ்கட்டை நிலத்தில் வைத்துக் கையால் மூடினேன். மோந்து, விறாண்டி, அலுத்து, மூக்கை எடுத்தவுடன் மற்றக் கையில் இருந்து ஈரல். மூன்றாம் நாள் சொல்லைக் கேட்டதுமே மூக்கை எடுத்தான்.

இதிலே பெரிய கஷ்டம் நாய் இல்லை, வீட்டு ஆக்கள். நான் "விடு" என்பேன், தம்பி "டேய்" என்பான், அம்மா "சீ, அங்கால போ" என்பா, அப்பா பெயரை மட்டும் நாலுதரம் கூப்பிடுவார். அந்த நாய் எந்தப் பாசையைப் படிக்கும்? மூன்று சொல்லையும் எழுதிக் குசினிக் கதவில் ஒட்டினேன்.

சங்கிலியை மாற்றி நீளக் கயிறு. விடிய அரை மணித்தியாலம் பனங்காணிப் பக்கம் நடை. சொன்னால் நம்பமாட்டீர்கள், துரத்துகிற விசரில் பாதி அந்த நடையிலேயே போனது. நாள் முழுக்கக் கட்டிப்போட்ட உயிருக்கு முன்னால் ஒன்று ஓடினால் அது பாயாமல் என்ன செய்யும்?

பிறகுதான் பூனையைக் காட்டினோம். சின்னாச்சி கூரையில், வீமன் கயிற்றோடு கிணத்தடியில் என்னோடு. அவளைக் கண்டான், ஈரல். திரும்பப் பார்த்தான், ஈரல். பெரியப்பா செய்த அதே பாடம்தான், மறுபக்கமாக. பூனை வந்தால் நல்லது வரும். உடம்பு விறைத்து, கண் வெட்டாமல் பார்த்தால் நாங்கள் கிட்டப் போய்விட்டோம் என்று அர்த்தம். ஏசாமல் நாலடி பின்னுக்கு வருவோம். எட்டாம் நாளோ ஒன்பதாம் நாளோ, அவளைக் கண்டவன் தானாகவே தலையைத் திருப்பி என் முகத்தைப் பார்த்தான். அன்றைக்கு அப்பாவும் பார்த்துக்கொண்டு நின்றார். ஒரு மாதக் கெடுவைப் பற்றி அதற்குப் பிறகு கதைக்கவில்லை.

பூனையை யாரும் தூக்கிக்கொண்டு வந்து காட்டுவதில்லை என்பது கண்டிப்பான சட்டம். கிட்ட வருவதும் போவதும் அவளின் முடிவு. அலுமாரிக்கு மேல் ஒரு சாக்கு, குசினி வாசலில் பூனை மட்டும் நுழையக்கூடிய இடைவெளி விட்டு ஒரு பலகை. ஓட வழி இருக்கிற பூனை ஓடாது. ஓடாவிட்டால் நாய்க்குத் துரத்த ஒன்றும் இல்லை.

எங்கட சிநேகிதி ஒருத்தி சொன்னாள்: "எங்கட வீட்டில நாயும் பூனையும் ஒண்டாத்தான் படுக்குதுகள். ஒருத்தரும் ஒண்டும் பழக்கேல்ல." உண்மைதான். அந்த நாய் குட்டியிலேயே பூனைகளுக்குள் வந்தது. அமெரிக்காவில் ஸ்கொட், ஃபுல்லர் என்ற இருவர் பல வருசம் நாய்க்குட்டிகளை வளர்த்துப் பார்த்து, 1965 இல் எழுதினார்கள். ஏறக்குறைய மூன்றாம் கிழமையில் இருந்து பன்னிரண்டாம் கிழமை வரைதான் குட்டி யார் தன்னுடைய ஆள் என்று எழுதிக்கொள்கிற காலம். வீமனின் அந்தக் காலம் பூனையே இல்லாத முற்றத்தில் போய்விட்டது. பிறகும் பழக்கலாம், ஆனால் மாதக்கணக்கு எடுக்கும். எல்லா நாயிடமும் சரிவரும் என்றும் சொல்லமாட்டேன். பூனையைக் கொன்று பழகின நாய் என்றால், பூனை இல்லாத வீடு ஒன்று தேடிக் கொடுப்பதுதான் இரண்டுக்கும் நியாயம்.

இப்போது மாசி. வீட்டில் ஆள் இல்லாவிட்டால் நடுக்கதவு இன்னும் பூட்டித்தான். கறுப்பி அவன் இருக்கிற பக்கம் வருவதில்லை, பின்னங்காலைக் கொஞ்சம் இழுத்துத்தான் நடக்கிறாள். வருவாள் என்றும் நான் எதிர்பார்க்கவில்லை. மீன்தலை போடுகிற நேரம் யாராவது ஒருவர் வீமனின் கயிற்றைப் பிடித்திருக்கவேணும். ஒருநாள் மறந்து, ஒரு அடிபாடு நடந்தது.

போன ஞாயிற்றுக்கிழமை பெரியப்பா விறாந்தையில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார். வீமன் தூணடியில் படுத்திருந்தான். சின்னாச்சி அலுமாரியால் இறங்கி, விறாந்தையால் நடந்து, அவனுக்கு ஒரு முழம் தள்ளிப் போய், வெயிலில் இருந்து காலை நக்கத் தொடங்கினாள். வீமன் தலையைத் தூக்கி அவளைப் பார்த்தான், பிறகு என்னைப் பார்த்தான். பார்த்துக்கொண்டே இருந்தான்.

"என்னவாம்?" என்றார் பெரியப்பா.

"ஈரல் கேக்கிறான்."

"சும்மா படுத்திருந்ததுக்கோ?"

"ஓம், அதுக்குத்தான்" என்று சொல்லிவிட்டு, எடுத்துவரக் குசினிக்குள் போனேன். திரும்பி வர, பெரியப்பா தன்ர பிஸ்கட்டில் பாதியை அவனுக்கு நீட்டிக்கொண்டிருந்தார்.