வெள்ளையடிப்பதற்கு முன்

மயிலாப்பூரிலோ மந்தைவெளியிலோ ஒரு பழைய தனிவீடு விற்பனைக்கு வருகிறதென்றால் தரகர் சொல்லும் முதல் வாசகம் ஒன்றுதான்: "வீட்டைக் கொஞ்சம் ரெடி பண்ணி வையுங்க சார்." இந்த 'ரெடி பண்ணுவதில்' என்னவெல்லாம் அடக்கம் என்று நாம் யோசிப்பதில்லை. வெள்ளையடிப்பது, ஒழுகும் குழாயை மாற்றுவது, கொல்லைப்புறத்துப் புதரை வெட்டுவது ஆகியவற்றில் எனக்குப் புகார் இல்லை. ஆனால் இவை எல்லாவற்றுக்கும் முன்னதாகப் பழைய பேப்பர்க்காரர் தராசுடன் வந்து திண்ணையில் உட்கார்ந்துவிடுகிறார். நம் நகரத்தில் ஒரு வீடு விற்பனைக்குத் தயாராவது என்றால் அதிலுள்ள காகிதம் முழுவதும் வெளியேறுவது என்று பொருள். இது அறிவீனம் மட்டுமல்ல, வியாபாரக் கணக்கின்படியே வீண் வேலை என்பது என் கட்சி.

மந்தைவெளியில் நான் பல ஆண்டுகள் புத்தகம் இரவல் வாங்கிய வீடு ஒன்று இருந்தது. பெரியவர் காலமாகி, வருஷாப்திகம் முடிந்த கையோடு விற்க முடிவாயிற்று. பிள்ளைகளுக்கு வெளிநாட்டு வேலை, இரண்டு வார விடுப்பு. நான் போய்ச் சேர்ந்தபோது கூடத்துச் சுவர்கள் ஈரம் காயாத தந்த நிறத்தில் இருந்தன. அலமாரி நின்ற இடத்தில் ஒரு பிளாஸ்டிக் செடி. பைண்டு செய்த 'எழுத்து' இதழ்கள், சபா கச்சேரி நோட்டீஸ்கள், சுதந்திரத்துக்கு முந்தைய கல்யாணப் பத்திரிகைகள், கம்பியில் குத்திச் சேர்த்த முப்பது வருடக் கடிதங்கள், எல்லாம் முந்தைய நாளே எடைக்குப் போய்விட்டன. கம்பி மட்டும் ஆணியில் தொங்கியது. பெயிண்டர் அதற்கும் சேர்த்து வர்ணம் பூசியிருந்தார். 'எழுத்து' தொகுதிகளில் ஒன்றைப் பிறகு லஸ் நடைபாதையில் விலை கொடுத்து வாங்கினேன், பெரியவரின் கையெழுத்தோடு. கடிதங்களை யார் வாங்குவார்கள்?

இதில் வேடிக்கை என்னவென்றால், வாங்க வந்த கட்டுமானக்காரர் அந்தச் சுவரை ஏறிட்டும் பார்க்கவில்லை. தெருப்பக்கம் எத்தனை அடி அகலம் என்று அளந்தார், மூலப் பத்திரமும் வில்லங்கச் சான்றிதழும் கேட்டார், கிளம்பிவிட்டார். நான்கு மாதத்தில் தந்த நிறச் சுவர் செங்கல் குவியலாயிற்று.

அவர் ஏன் பார்க்க வேண்டும்? இந்தப் பகுதிகளில் விலை நிலத்துக்குத்தான். ஒரு கிரவுண்டு என்பது 2400 சதுர அடி. 2019இல் வந்த ஒருங்கிணைந்த கட்டட விதிகள் தளப்பரப்புக் குறியீட்டை 1.5இலிருந்து 2 ஆக உயர்த்தின. அதாவது அதே ஒரு கிரவுண்டில் முன்பு 3600 சதுர அடி எழுப்ப முடிந்த இடத்தில் இப்போது 4800. இந்தக் கணக்கில் ரேழிக்கும் முற்றத்துக்கும் இடமில்லை. தி. நகரிலும் அடையாறிலும் எண்பதுகளில் எழுந்த அடுக்குமாடிகளுக்கே இன்று இதே கதி. மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் சம்மதித்தால் இடித்துக் கட்டலாம் என்று 2022ஆம் ஆண்டின் அடுக்குமாடி உரிமைச் சட்டம் வழிவிட்டிருக்கிறது. இடிக்கிற ஒப்பந்தக்காரர் தேக்கு நிலையையும் கதவையும் உத்தரத்தையும் எண்ணிப் பார்த்து, அவற்றுக்கு நமக்கே பணம் தருகிறார். மரத்துக்கு மதிப்புண்டு, பழைய செங்கல்லுக்கும் உண்டு. காகிதம் மட்டும் 'குப்பை'.

வீட்டை அரங்கம்போல் ஜோடித்து விற்கும் கலைக்கு அமெரிக்காவில் 'ஹோம் ஸ்டேஜிங்' என்று பெயர். அரை நூற்றாண்டாக அங்கே அது ஒரு தனித் தொழில். குடும்பப் படங்களை அகற்று, அலமாரியைப் பாதி காலி செய், வருகிறவர் அங்கே தன்னைக் கற்பனை செய்துகொள்ள வேண்டும் என்பது அதன் தர்க்கம். அங்கே வாங்குகிறவர் குடியேறப் போகிறவர். இடிக்கப் போகிறவருக்கு முன்னால் இந்த நாடகம் எதற்கு? (அடுக்குமாடி மறுவிற்பனைக்கு ஓரளவு பொருந்தும், அங்கும் படத்தைக் கழற்றினால் போதும், கடிதத்தைக் கிழிக்க வேண்டியதில்லை.)

கரிவலம்வந்தநல்லூரில் ஏடுகளை நெய்யில் தோய்த்து ஹோமத்தில் இட்டதை உ.வே. சாமிநாதையர் எழுதியிருப்பதைப் படித்து நாம் உச்சுக்கொட்டுகிறோம். அவர்களாவது ஆகமத்தில் சொல்லியிருக்கிறது என்று நம்பித்தான் செய்தார்கள். நமக்கு அந்தச் சாக்கும் இல்லை. ஐயர் பல்லாண்டு வாழ்ந்த திருவல்லிக்கேணி வீடு 2012இல் இடிக்கப்பட்டது. அதற்காக நிறைய எழுதினோம், எழுத வேண்டியதுதான். ஆனால் அவர் மறைந்த மறு ஆண்டே, 1943இல், ருக்மிணி தேவி அருண்டேல் அவர் பெயரால் நூலகம் அமைத்ததால்தான் அவர் சேர்த்த ஏடுகள் இன்றும் பெசன்ட் நகரில் இருக்கின்றன. வீடு போயிற்று, ஏடு தங்கிற்று. நாம் நம் வீடுகளில் செய்வது நேர் தலைகீழ்: போகவேண்டிய சுவருக்குப் பூச்சு, தங்கவேண்டிய ஏட்டுக்குத் தராசு.

இன்னொரு உதாரணம் இன்னும் பொருத்தமானது. கோட்டையூர் ரோஜா முத்தையா விளம்பரப் பலகை எழுதிப் பிழைத்தவர். அவர் சேர்த்தவற்றில் நூல்கள் மட்டுமா இருந்தன? நாடக நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை, பத்திரிகைத் துணுக்கு, அதாவது எந்தத் தரகரும் முதலில் தூக்கியெறியச் சொல்லும் சரக்கு. அவர் 1992இல் இறந்தபின், 1994இல் சிகாகோ பல்கலைக்கழகம் அதை விலை கொடுத்து வாங்கிச் சென்னையிலேயே நூலகமாக்கியது. இன்று தரமணியில் ஆய்வாளர்கள் தேடிவருவது அந்தக் 'குப்பை'யைத்தான்.

இடம் எங்கே, நேரம் எங்கே என்பார்கள். நியாயமான கேள்வி. இரண்டு வார விடுப்பில் வாரிசுச் சான்றிதழுக்கு அலைகிற பிள்ளையிடம் ஆவணக்காப்பாளர் வேலையையும் சுமத்த எனக்கு மனமில்லை. பரணில் இருப்பதில் பெரும்பகுதி பாடநூல் கைடுகளும் செல்லரித்த வாரப் பத்திரிகைகளும்தான். அவை எடைக்குப் போனால் தமிழ் அழிந்துவிடாது. ஏற்கெனவே பிரதி இருக்கிற நூலை எந்த நூலகமும் வேண்டாம் என்று சொல்லலாம். நான் கேட்பது வேலைகளின் வரிசையை மாற்றச் சொல்லி மட்டும்தான். பேப்பர்க்காரரைக் கூப்பிடும் முன் படிக்கிற பழக்கமுள்ள ஒருவரை அழைத்து ஒரு நாள் அலமாரியோடு விட்டுவிடுங்கள். கையெழுத்தில் இருப்பவை, சிற்றிதழ்கள், 1950க்கு முன் அச்சானவை என மூன்று கட்டுகள் ஒதுங்கட்டும். நூலகம் ஏற்காததை மின்வடிவமாக்கும் வேலையைக் கோட்டூர்புரத்தில் தமிழ் இணையக் கல்விக்கழகம் செய்துவருகிறது. பழைய நூல்களைப் பற்றி அங்கே கேட்டுப் பார்க்கலாம். இதற்கெல்லாம் ஒரு வாரம், மிஞ்சிப்போனால் பத்து நாள் பிடிக்கும். அந்த அவகாசத்தைத் தரகர் முதல் தடவை பேசும்போதே வாங்கிக்கொள்ள வேண்டும். பத்திரப் பதிவுக்கு நாள் குறித்த பிறகு யாரும் தரமாட்டார்கள்.